பழைய பேப்பர் லோரி

ஞாயிறு, கிள்ளான். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம்.

வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இன்று நான் பெரிய கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். மகள் கவிதா ஷா ஆலம் போயிருந்தாள். பழைய பேப்பர் லோரி தெருவுக்குள் வந்ததும், அவள் அறையில் இருந்த பேப்பர் கட்டை நானே தூக்கிக் கொடுத்தேன். கட்டின் மேல் அம்மிக்கல் இருந்தது. மேலே சுற்றும் காற்றாடிக் காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய மூளை வேறென்ன நினைக்கும்?

கவிதா திரும்பி வந்து கட்டைத் தேடியபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் ஒரு செடி இருந்திருக்கிறது. உயிரியல் பட்டத்தின் கடைசி ஆண்டு ஆய்வுக்காக, ஒரு வருடமாக அவள் பறித்து, அழுத்தி, காயவைத்தவை.

மோட்டார் சைக்கிளில் பந்திங் சாலைவரை துரத்தினேன். லோரி கிடைக்கவில்லை.

"மறுபடி பறிச்சிக்கலாம் லா. நானே கூட்டிட்டுப் போறேன்மா," என்றேன்.

"எங்கப்பா போறது? அந்தக் காட்டையே வெட்டிட்டாங்க. இப்ப அங்க வீடு கட்டுறாங்க."

திட்டுவாள் என்று நின்றேன். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

பிறகு பார்த்தால், லோரி நின்ற இடத்தில், கட்டிலிருந்து நழுவிய ஒரே ஓர் காய்ந்த இலை கிடந்தது. கொடுக்கலாம் என்று போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகிற சத்தம். தட்டாமல் திரும்பிவிட்டேன்.

இலையை இந்தப் பக்கத்தில் வைத்து நோட்டை மூடப் போகிறேன். மேலே அம்மிக்கல்லையும் வைக்க வேண்டும்.