நடுவட்டத்தில் நான் வைத்த விரல்

போன ஞாயிற்றுக்கிழமை தெமியாங் ஊரில் இருக்கும் வீட்டில் பேத்தி டிவியில் அமெரிக்கப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் குனிந்து நிற்பவர்கள் பந்தைத் தொடுவதே இல்லையே, எதற்காக நிற்கிறார்கள் என்று கேட்டாள்.

"அவுங்க வேலை மறிக்கிறதுதான். கையால பிடிச்சா தப்பு" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பாட்டிக்கு எப்படித் தெரியும் என்று சிரித்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் குடித்தனம் தொடங்கிய வருடம் அது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்ட அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. அமெரிக்காவிலிருந்து தோட்டத்து உதவி நிர்வாகியாக வந்திருந்த சின்னதுரை, ஞாயிறு மாலைகளில் பால்மரம் சீவுகிற ஆண்களைத் திடலில் சேர்த்துத் தன் ஊர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். வாட்டசாட்டமான உங்களை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். காலிடுக்கு வழியே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே வருபவனை நீங்கள் மறிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் கொட்டைகளைத் தரையில் அடுக்கி எனக்கு விளக்குவீர்கள். நடுவில் நீங்கள், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். தோளால் தள்ளலாம், முதுகுப்பக்கம் இடிக்கக் கூடாது. நான் தப்பாகச் சொன்னால் கொட்டைகளைக் கலைத்துவிட்டு மறுபடி கேட்பீர்கள்.

சின்னதுரை தன் ஊருக்குக் கப்பலேறிய அடுத்த மாதம், காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் காட்டுக்கு அரிசி கடத்துகிறோமா என்று போலீஸார் சோதித்தார்கள். உங்கள் சட்டைப்பையில், ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது என்று வரைந்த ஒரு தாள் இருந்தது. வட்டங்கள், பெருக்கல் குறிகள், அம்புகள். வண்டிகளை வழிமறித்துத் தாக்கக் காட்டிலிருப்பவர்களுக்கு வரைந்த படம் என்று உங்களை லாரியில் ஏற்றினார்கள். உங்களோடு ஆடியவர்கள் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் திறப்பார்கள்?

போலீஸ் நிலையத்துக்கு நான் போனேன். வெள்ளைக்கார அதிகாரிக்குப் பக்கத்தில் ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு தமிழ்க் கிராணி மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். விளையாட்டுதான் என்று நிரூபிக்க, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முன்னால் இருப்பவர்கள் வழிமறிப்பார்கள், பின்னால் இருப்பவன் வாங்கிக்கொண்டு ஓடுவான் என்றேன். கிராணி சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார்.

"மறிக்கிற எடத்துல ஒம் புருசன் எங்க நிப்பாரு?" என்று கிராணி கேட்டார்.

அந்தத் தாளின் நடுவட்டத்தில் விரலை வைத்தேன். அதிகாரி பேனாவை மூடினார்.

இரண்டு வருடம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். நெஞ்சு ஒடுங்கி, இருமலோடு வந்தீர்கள். வந்த அன்றே, காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொல்லி உங்கள் காலடியில் உட்கார்ந்தேன்.

"தெரியும். கிராணி எனக்குப் படிச்சுக் காட்டுனாரு" என்றீர்கள். "நீ சொன்னதுல ஒரு பிழைகூட இல்லலா."

அதன்பிறகு நான்கு வருடம்தான் இருந்தீர்கள். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஆனால் அதைச் சொன்னபோது உங்கள் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.