உப்பு என் மூட்டையில்

புரட்டாசி, வியாழன் இரவு. அல்சூர்.

திருப்பதிக்கு நடக்கும்போது சுமை குறையட்டும் என்று, நானும் என் மனைவியின் தம்பி முனுசாமியும் ஒரே மூட்டைக்கான சாமான்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்.

"கனமெல்லாம் நான் தூக்கிக்கிறேன் மாமா. உங்களுக்குக் கால் வலி" என்றான்.

பானை, அரிசி, கம்பளி அவனிடம். உப்பு, புளி, தீப்பெட்டி என்னிடம். என்ன பாசம் என்று உருகிப்போனேன்.

நாளை விடியற்காலை கிளம்புவதாகப் பேச்சு. இன்று சாயங்காலம் மில்லிலிருந்து வந்தால், அவன் காலையிலேயே ஜீவனஹள்ளியிலிருந்து திருப்பதிக்கு நடக்கிற கூட்டத்தோடு போய்விட்டானாம். என் மனைவிக்கு நேற்றே தெரியும்.

"நீங்க கால தாங்கித் தாங்கி நடப்பீங்க, அவங்களுக்கு ஈடு குடுக்க முடியாதாம். உங்க மூஞ்சியப் பாத்து தம்பி அத எப்படி சொல்லுவான்?" என்கிறாள்.

நேற்று எனக்குச் சோறு போட்டபோது இவளும் வாயைத் திறக்கவில்லை.

சற்றுமுன் என் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். இன்றைக்கு அவன் சோற்றில் உப்பிருக்காது என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஒரு கை உப்புத் தர அவனுக்கு ஒரு கூட்டமே இருக்கிறது.