கீழ்மடிப்பில் தைத்த தகடு

நரசராவுப்பேட்டை,
ஜூலை 9.

சிரஞ்சீவி லட்சுமி சௌபாக்கியவதி ஹாரிகாவுக்கு, அம்மா ராஜ்யலக்ஷ்மி ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தந்தையும் உடல் நலத்தில் குறைவின்றி இருக்கிறோம்; அசாமின் மழையில் நீயும் அவ்வாறே இருக்கவேண்டும் என்று அன்றாடம் வேண்டிக்கொள்கிறோம். நீ திருத்தித் தரச் சொல்லி அனுப்பிய கட்டுரை என் கைக்கு வந்து முப்பத்தாறு நாட்கள் ஆகின்றன. இத்தனை நாள் காலந்தாழ்த்தியதற்கு முதற்கண் உன்னிடம் மன்னிப்புக் கோருகிறேன். தொலைபேசியில் நீ கேட்டபோதெல்லாம் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்னேன். அது உடையவில்லை.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றதை எழுதிய பிறகு இவற்றை எழுத எனக்குக் கை வராது. மிளகாய் மார்க்கெட் யார்டில் இவ்வாண்டு வரத்து இன்னும் ஓயவில்லை, உன் தந்தை தும்மிக்கொண்டேதான் வீடு திரும்புகிறார், சட்டையை வாசலிலேயே கழற்றி உதறச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார். ஆவக்காய் போட்டாகிவிட்டது, உனக்கென்று ஒரு ஜாடியைத் துணி கட்டித் தனியே வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு நாகரத்தினத்தின் மகன் தருண் கால்நடை மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டு முடித்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். தெருவில் உள்ள எருமைகளை ஒன்றுவிடாமல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறான். "எங்க வீட்டு டாக்டருக்குப் பேஷண்ட் வாய் பேசாது ராஜ்யம் அக்கா, உங்க வீட்டு டாக்டருக்குத்தான் பாடு" என்று நாகரத்தினம் சிரிக்கிறாள். அவள் சிரிக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அதன் காரணமும் இக்கடிதத்திலேயே வரும்.

உன் பழைய விஜயவாடா விடுதிக் கல்லூரி, மருத்துவ நுழைவுத் தேர்வில் முதல் முறை தவறி மறுமுறை எழுத வந்திருக்கும் லாங் டெர்ம் பிள்ளைகளுக்காக அச்சிடவிருக்கும் சிறு புத்தகத்துக்கு 'இரண்டு மே மாதங்கள்' என்று தலைப்பிட்டு நீ எழுதியதை உன் தந்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், அவர் யார்டு அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய சுற்றறிக்கைகளை வாசித்தே எழுதக் கற்றவள் என்பதும், இத்தெருவில் எவருக்கு மனு வேண்டுமானாலும் என் வாசலுக்கே வருவார்கள் என்பதும் நீ அறிந்ததே. மருத்துவம் படிக்கும் மகள் தன் எழுத்தைத் திருத்த என்னிடம் தந்தாள் என்ற பெருமிதத்தோடுதான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அப்பெருமிதம் இரண்டாம் பக்கம் வரைதான் நீடித்தது. முதல் மே மாதத்தில் 431, இரண்டாம் மே மாதத்தில் 612 என்று இரண்டு மதிப்பெண்களையும் அருகருகே வைத்து, இந்த வித்தியாசம் முழுவதும் படிப்பால் வந்ததல்ல என்று எழுதியிருக்கிறாய். குண்டூர்த் தேர்வு மையத்தின் வாசலில் சோதனைக் கருவி உன் உடையில் சத்தமிட்டதையும், அழுதுகொண்டு உள்ளே போன உனக்கு முதல் நாற்பது நிமிடங்கள் கேள்வித்தாளின் எழுத்துகளே தெரியாமல் போனதையும் எழுதிவிட்டு, "என் உடையில் ஏதோ ஓர் உலோகப் பொருள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தவறு முழுவதும் என்னுடையது. என் அம்மா அன்று என்னை அதிகமாக ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை" என்று முடித்திருக்கிறாய். இந்த நான்கு வாக்கியங்களில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் நான்கையும் அடிக்கவேண்டும். அடிக்கவேண்டியதன் காரணத்தைச் சொல்ல எனக்கு முப்பத்தாறு நாட்கள் ஆயின. உண்மையில் நான்கு ஆண்டுகள் ஆயின.

அது செப்புத் தகடு. சுண்டுவிரல் நகத்தளவு. மந்திரித்துச் சுருட்டியது. உன் வெள்ளைக் குர்த்தாவின் கீழ்மடிப்புக்குள் தேர்வுக்கு முந்திய நாள் பிற்பகலில் நீ குளிக்கப் போயிருந்தபோது நான்தான் அதை வைத்துத் தைத்தேன். விதிமுறைத் தாளை உனக்கு மூன்று முறை உரக்க வாசித்துக் காட்டியவளும் நானே. கழுத்துச் சங்கிலி கூடாது, தோடு கூடாது, பெரிய பொத்தான் கூடாது, முழுக்கை கூடாது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னவளும் நானே. மடிப்புக்குள் இருப்பது யார் கண்ணுக்கும் படாது என்று மட்டுமே என் புத்தி அன்று எண்ணியது, கருவிக்குக் கண் தேவையில்லை என்பது அதற்கு எட்டவில்லை. இதில் மேலும் ஒரு கேவலம் உண்டு. நாகரத்தினம் தன் மகனுக்கு மலைக்கோயில் பூசாரியிடம் தகடு வாங்கி, விரல் தடிமனுள்ள கறுப்புக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டியபோது, தெருவே கேட்க நான் அவளைக் கேலி செய்தேன், படித்த பிள்ளையின் கையில் இதென்ன மூடத்தனம் என்றேன். "உங்க வீட்ல புத்தகமே எல்லாத்தையும் பாத்துக்கும் அக்கா, எங்க வீட்ல கொஞ்சம் சாமியும் பாத்துக்கட்டும்" என்று அவள் விட்டுக்கொடுத்துப் பேசினாள். அதற்கு நான்காம் நாள் நான் புடவைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அதே பூசாரியின் முன் வரிசையில் நின்றேன். தருண் தன் தகட்டை மைய வாசலில் அவிழ்த்துத் தாயின் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே போனான். அவிழ்க்க உன்னிடம் என்ன இருக்கிறதென்றே உனக்குத் தெரியாது.

நீ வரிசையில் நகர்ந்ததும் தெருமுனைக் கோயிலில் தேங்காய் உடைக்கப் போனேன் அல்லவா, நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பெற்றோரைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் நின்ற பெண்மணி ஒருவர் உன் வெள்ளைக் குர்த்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு, இது யாருடைய பிள்ளையின் துணி என்று ஒவ்வொரு தாயாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒங்கோல் பக்கத்தவர், மஸ்தான்பீ என்று பெயர் சொன்னார், அவருடைய மகளும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணா அம்மா? மெஷின் கத்திடுச்சு. ஒண்ணும் இல்ல மேடம், சத்தியமா ஒண்ணும் இல்லன்னு அழுவுது புள்ள. கேட்டு மூட அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு. என் பொண்ணுக்கு மாத்துத் துணியா வெச்சிருந்த மஞ்சளக் குடுத்து அனுப்பிட்டேன், கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், பரவால்ல" என்றார். அவருக்கு நன்றி சொல்வதற்கு முன் என் விரல் போனது கீழ்மடிப்புக்கு. தகடு உள்ளேயே இருந்தது. நிறுத்தி வைத்திருந்த ஆட்டோக்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கத்தரிக்கோல் இல்லாததால் என் தையலை என் பல்லாலேயே கடித்துப் பிரித்து, தகட்டை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். நிமிர்ந்தால் மஸ்தான்பீ நிற்கிறார். "அடி ஆத்தா, நீங்கதானா!" என்றார் முதலில். பிறகு குரலைத் தணித்து, "புள்ள வெளிய வந்ததும் சொல்லிடுங்கம்மா. ரெண்டு திட்டு திட்டும், அழும், அத்தோட போயிடும். சொல்லாம விட்டீங்கன்னா அது தன்னத்தானே தின்னுக்கிட்டு இருக்கும்" என்றார். நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, தாங்கள் செய்த உதவிக்கு நன்றி, இது எங்கள் குடும்ப விஷயம் என்று சொன்னேன். மனுவில் எழுதுவதைப் போலவே சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு "சரிங்க டீச்சரம்மா" என்றார். அது குத்தல் என்று எனக்குப் புரிந்தது, புரிந்தும் அந்த டீச்சரம்மா என்ற சொல் எனக்கு இனித்தது, ஹாரிகா. அந்த நிலையிலும் இனித்தது. எழுத வெட்கமாயிருக்கிறது, எனினும் எழுதுகிறேன்.

நீ வெளியே வந்தபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். "அம்மா, என்கிட்ட என்னதான் இருந்துச்சு? நீ பாத்தியா?" துணியை வாங்கி ஓரம் முழுவதும் தடவினாய். தையல் பிரிந்திருந்த இடத்தில் உன் விரல் நின்றது. நான் சொன்னது என் காதில் இன்றும் கேட்கிறது, "பதட்டத்துல நீயே இழுத்துப் பிச்சிருப்பே. தலைக்குக் குத்தின பின்னு எங்கயாச்சும் மாட்டியிருக்கும், விழுந்திருக்கும். மூணு தடவ படிச்சுக் காட்டினேன்ல?" என்றேன். நீ சற்று யோசித்துவிட்டு, "ஆமாம்மா, பின்னாதான் இருக்கும்" என்றாய். இத்தனை எளிதில் நீ நம்பியதுதான் என்னை இன்றுவரை வாட்டுகிறது. கூட்டத்தில் மஸ்தான்பீ நம்மைத் தேடி வருவதைக் கண்டு, பேருந்து போய்விடும் என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. "சட்டையத் திருப்பிக் குடுக்கலியே அம்மா, பேரு கூடக் கேக்கலியே" என்று நீ அந்த ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாய். பெயர் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

இரண்டு மே மாதங்களை நீ ஒப்பிட்டு எழுதியிருக்கிறாய், என் பங்குக்கு நானும் ஒப்பிட்டுப் பார்த்தேன். லாங் டெர்ம் விடுதியில் ஞாயிறுதோறும் வேப்பமரத்தடியில் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், நீ கோங்கூரா சோற்றைப் பிசைந்தபடியே மற்றக் கையால் உன் துணியின் ஓரங்களைத் தடவிக்கொண்டிருப்பாய். நான் அதைப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது அங்கே இங்கே தொடாதே என்று அதட்டுவேன். இரண்டாம் தேர்வுக்கு என்னை வரவேண்டாம் என்றாய். நான் புதிதாகத் தைத்து அனுப்பிய குர்த்தாவை மடிப்புக் கலையாமல் திருப்பியனுப்பிவிட்டு அந்தத் தொளதொள மஞ்சளையே போட்டுக்கொண்டு போனாய். அது ஒரு முறை மெஷினைத் தாண்டிய சட்டை என்று காரணம் சொன்னாய், நானும் சரிதான் என்றேன். அன்று இரண்டு மணி முதல் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தேன், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மாலையில் யாரோ ஒருவரின் தொலைபேசியிலிருந்து அழைத்தாய். இயற்பியல் எப்படி, உயிரியல் எப்படி என்று நீ எதுவும் சொல்லவில்லை. "அம்மா, மெஷின் சத்தம் போடலம்மா" என்றாய். ஓராண்டு படித்த படிப்புக்குப் பிறகு என் மகளுக்கு முதலில் சொல்லத் தோன்றியது அது. அப்போதாவது நான் சொல்லியிருக்கவேண்டும். நல்லது, விடைக்குறிப்பு எப்போது வெளியாகும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு இடம் கிடைத்தது, ஊரார் வாழ்த்தினார்கள், முடிந்ததைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் எழுதிக் கையெழுத்தும் இட்டுக்கொண்டேன். அதன் பின் நான் தைத்த துணி எதையும் நீ உடுத்தவில்லை. அதை நான் கேட்டதும் இல்லை.

சென்ற வாரம் உன் தந்தையிடம் சொல்லிவிட்டேன். யார்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, "லீவுக்கு வர்றப்பெல்லாம் அந்தப் புள்ள என்கிட்ட, அப்பா நான் கவனமில்லாதவளா, கவனமில்லாதவளான்னு கேக்கும். நான் வெளையாட்டா ஆமாம் ஆமாம்னு தலையாட்டிட்டேனே, ராஜ்யம்" என்றார். நீங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்குற கை உன்னோடது. இத நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறார், எழுதி முடித்தாயிற்றா என்று இருமுறை கேட்டுவிட்டார்.

கட்டுரை இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். உன் உடையை நீயே தடவிப் பார், எவரையும் குறை சொல்லாதே என்று அந்தப் பிள்ளைகளுக்கு நீ சொல்லியிருப்பதை வாசித்தபோது, நான் செய்தது உன்னோடு நிற்காமல் முந்நூறு பிள்ளைகளிடம் போய்ச் சேரப்போகிறது என்பது எனக்குப் புரிந்தது. நீ கவனமில்லாத பெண் அல்ல, ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த நான்கு வாக்கியங்களை நான் சிவப்பால் அடித்து, ஓரத்தில் நடந்ததை எழுதி, கட்டுரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட்டே அச்சிடலாம், அதற்கு என் முழுச் சம்மதம். நரசராவுப்பேட்டையில் பத்துப் பேர் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். நாகரத்தினத்திடம் நாளைக் காலை நானே போய்ச் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம் என்று நீ கருதினாலும் சரி, தவறு என்னுடையது என்று நீ எழுதிய அந்த வாக்கியம் மட்டும் உன் பெயரின் கீழ் இருக்கக்கூடாது. மஸ்தான்பீயின் பெயரை உன் கட்டுரையில் சேர்த்துக்கொள். அவர் எங்கேனும் வாசித்தால் மஞ்சள் சட்டை யாருடையது என்று அறிவார்.

தகட்டையும் இக்கடிதத்தில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் கிடந்தது. அதை வைத்துக்கொள்வதோ எறிவதோ உன் விருப்பம். அது என்ன பொருள் என்பது உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அனுப்புகிறேன். துணி ஏதும் தைத்து அனுப்பவில்லை, நீ கேட்டால் தைப்பேன், கேட்காவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத வந்தேன், அது பொய், வருத்தம் உண்டு. ஈரக் காலுறையோடு வார்டுக்குப் போகாதே. காலையில் வெறும் தேநீரோடு நிறுத்திவிடாதே. நீ நீண்ட ஆயுளோடும், கை நடுங்காமலும், எந்த வாசலிலும் தலை குனியாமலும் வாழவேண்டும் என்று உன் தந்தையும் நானும் ஆசீர்வதிக்கிறோம். இருபத்தெட்டாம் தேதியை மறவாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ராஜ்யலக்ஷ்மி.

பதில் சீக்கிரம் போடும்மா.