ஊசி போட்ட இடம்

வியாழன் இரவு, கடலூர்.

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் எனக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய், சொந்தக் கதைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. வலி தாங்காமல் இன்று காலை சிதம்பரம் டாக்டரிடம் ஓடினேன். இறுகிய தசை தளர்ந்தால் வலி அடங்கும் என்று சினிமாக்காரர்கள் முகச் சுருக்கம் போகப் போட்டுக்கொள்கிற போடாக்ஸ் ஊசியை அந்த இடத்திலேயே போட்டுவிட்டார்.

மனைவி போனில் தன் அண்ணியிடம் ஊசியின் பெயரையும், திங்கட்கிழமை திரும்பக் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டாள். இடத்தைச் சொல்லக் கூச்சம். சாயங்காலமே மச்சானும் அவர் பொண்டாட்டியும் ஆப்பிளோடு வந்து நின்றார்கள்.

“என்னா மச்சான், இந்த வயசுல மூஞ்சிக்கு ஊசியா? யாருக்குக் காட்டப் போறீங்க?”

“சும்மா இருங்க. அண்ணனுக்கு நெத்திச் சுருக்கமே போயிடுச்சி பாருங்க” என்றது எனக்குத் தங்கச்சி முறையாகும் மச்சான் பொண்டாட்டி.

நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முகம் விறைத்து நின்றிருந்தேன். அது அழகாம்!

உண்மையைச் சொன்னால் விடிவதற்குள் பண்ருட்டி வரைக்கும் போய்விடும். மச்சான் வாய் என் வாயைவிடப் பெரிசு. ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப திங்கக்கிழமை நீங்க திரும்பக் காட்டப் போறப்ப நானும் வர்றேண்ணே. எனக்கும் போட்டுக்கறேன்.”

“நம்ம கார்லயே போயிடலாம்” என்றார் மச்சான்.

அடுப்படிக்குள் போன மனைவி வெளியே வரவே இல்லை.

டாக்டர் வாசலில் மூலம், பௌத்திரம் என்று ஆளுயரத்துக்குப் பலகை இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் வலி குறைந்துவிடும் என்றார் அவர். குறைய வேண்டாம் சாமி. குறைந்தால் அந்தக் காரில் உட்கார்ந்தாக வேண்டும்.