ஒரிஜினல் டேங்க் வரட்டும் என்றீர்களே

ஏனுங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு இருக்கிற கோபத்துக்குப் பேரைச் சொல்லியே கூப்பிடலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால் மரியாதையாகவே திட்டுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜீப் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஆமாங்க, ஷெட்டுக்குள் தார்ப்பாய் போட்டு மூடி, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தீர்களே, உங்கள் அப்பா ஓட்டிய அந்த ஜீப்தான். நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு ஓடியதோடு சரி. பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் கழற்றிப் போட்டீர்கள். ஒரிஜினல் டேங்க் கிடைத்தால்தான் மாட்டுவேன் என்று வீம்பு பிடித்தீர்கள். அது கிடைக்கவும் இல்லை, நீங்கள் இறங்கி வரவும் இல்லை.

கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர் ஜமால் பாய் எத்தனை தரம் வந்து சொன்னார்? "மாப்ள, வேற வண்டி டேங்க் ஒண்ணு தர்றேன், மாட்டி ஓட்டு. வண்டிய நிக்க வெச்சா செத்துரும்." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எங்கப்பன் வண்டிக்கு ஒட்டுப்போடச் சொல்றியா? டெம்ப்ரவரி வேலையெல்லாம் நம்ம ஊட்ல ஆவாது." கிழிசல் தைத்த சேலையோடு நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். என் சேலைக்கு மட்டும் அந்த ரோஷம் ஏன் வரவில்லை?

போன வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழா அன்றைக்கு, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். நம்ம ஊர் கிளியூரில் இருந்த ஜீப், கார், ஆட்டோ எல்லாம் கோயிலுக்கு ஆள் ஏற்றப் போயிருந்தன. ஆம்புலன்ஸ் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. உங்கள் தம்பி சேகர் பைக்கை எடுத்தான். உங்களை நடுவில் உட்கார வைத்து, என் முந்தானையால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டவுன் ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே உங்கள் தலை சேகர் தோளில் விழுந்துவிட்டது.

"உட்கார வெச்சா கூட்டிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். படுக்க வைக்க வண்டி வேண்டாமா? இருந்த ஒன்று ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "அவரு நேரம் அவ்வளவுதானுங்க. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க." நானும் தலையாட்டினேன். ராத்திரி ராத்திரி அதையே சொல்லிச் சொல்லித்தான் கண் மூடினேன்.

போன வாரம் ஷெட்டு ஒழுகுகிறது, ஜீப்பை எடைக்குப் போட்டுவிடலாம் என்று சேகர் சொன்னான். எனக்கு வந்ததே கோபம். போடலாம், ஆனால் அதற்கு முன்னால் அது ஓடியிருக்குமா, ஓடியிருக்காதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன். பாயைக் கூட்டி வந்தேன்.

பாய் எஞ்சினுக்குள் ஆயில் விட்டு ஊறப்போட்டார். மறுநாள் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. பேட்டரியும் கொண்டுவந்தார். பெட்ரோலுக்கு என்ன செய்வது என்று அவர் யோசிக்கும்போது, காப்பிச் செடிக்கு மருந்தடிக்கிற நம்ம மெஷினைக் காட்டினேன். அதிலிருந்த சின்ன பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றினார். மிளகு பறிக்கிற ஏணியை ஜீப்புக்குப் பக்கத்தில் சாய்த்து, அதன் மேல்படியில் டேங்கைக் கட்டினோம். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் நேராகக் கார்புரேட்டருக்கு. அவ்வளவுதானுங்க வேலை.

தீப்பிடித்தால் கொட்டுவதற்கு மண் வாளியோடு நின்ற சேகர் மெதுவாகச் சொன்னான்: "ஓடாம இருந்தா நல்லாருக்குமுங்க அண்ணி."

"ஏன்டா?"

"ஓடுச்சுன்னா... அன்னிக்கும் ஓடியிருக்குமுங்களே."

எனக்கு மட்டும் அது தெரியாதா? பாய் என் முகத்தைப் பார்த்தார். "தொறந்து விடுங்கண்ணா" என்றேன். பெட்ரோல் இறங்கியது. கார்புரேட்டர் வழியே ஒழுகியது, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அதை இரண்டு தட்டுத் தட்டினார், நின்றது. சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். கரும்புகை கக்கிக்கொண்டு, ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர, ஓடியது. நேற்று நிறுத்தின வண்டி மாதிரி ஓடியது.

சேகர் வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. டயரை உதைத்தேன். ஆமாம், உங்கள் அப்பா வண்டியைத்தான். "உதைம்மா, நல்லா உதை. எனக்கும் ரெண்டு உதை பாக்கி இருக்குது" என்றார் பாய்.

இவ்வளவுதானா? ஓர் ஏணி, ஒரு குழாய், ஒரு சின்ன டேங்க். சிநேகிதர் பேச்சை ஒரு தரம் கேட்டிருந்தால் உங்களைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு போயிருப்பேனே. பிழைத்திருப்பீர்களா? தெரியாது. ஆனால் யாராலும் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்று இனி எவரும் என்னிடம் வந்து சொல்ல முடியாது. அந்த ஓர் ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டீர்களே, மனுஷனா நீங்கள்? அந்த வீம்பு எனக்கு நொம்பப் பிடிக்கும் என்று ஊரெல்லாம் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

ஜீப்பை விற்கவில்லை. பாய் வேறு ஏதோ வண்டியின் டேங்கை மாட்டிவிட்டார், கொஞ்சம் பிதுங்கிக்கொண்டுதான் நிற்கிறது. பின்சீட்டில் ஓர் ஆள் படுக்கிற மாதிரி மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன். சேகர் எனக்கு ஓட்டக் கற்றுத் தருகிறான், இரண்டாவது கியருக்கு வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். வருகிற திருவிழாவுக்கு ஊர் வண்டியெல்லாம் மலைமேல் போகட்டும். இது போகாது. சாமி கோபித்துக்கொண்டாலும் சரி, கிளியூரில் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, டேங்க் நிறையப் பெட்ரோலோடு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எவளாவது ஒருத்தி புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தால், படுக்க வைத்துக் கூட்டிப்போவேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்க ஊட்டுக்காரி,
சரசு