அள்ளாமல் விட்ட உப்பு

1776 ஏப்ரல் 9, செவ்வாய்

இன்றைக்குச் சபைக்கூடத்தின் தரைப்பலகைகளைப் பெயர்த்தோம். பழைய கட்டடத்துக்கு அடியில் கிடக்கும் மண்ணில்தான் துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அதிகம் என்று ஊருக்கு வந்த அச்சுத்தாளில் போட்டிருக்கிறது. ஆண்களெல்லாம் உழவிலும் படைக் கவாத்திலும் இருக்கிறார்கள். மண்வெட்டி எங்கள் கைக்கு வந்துவிட்டது. பதினொரு பெண்கள். பொறுப்பு என் தலையில்.

பக்கத்து வீட்டு மெஹிட்டபெல் முழங்கால் வரை குழியில் நின்றுகொண்டு, "அறுபது வருஷமா போதகருங்க மேல நின்னு நரகத்தைப் பத்தியே பேசியிருக்காங்க. அந்தச் சூடெல்லாம் இங்கதான்டி இறங்கியிருக்கு" என்றாள். வாய் மட்டும் இல்லாவிட்டால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மூப்பர் ஸ்ட்ரவுட் வாசலில் நின்று பார்த்தார். "சோப்புக் காய்ச்சுற கைக்கு வெடியுப்புக் காய்ச்ச வருமா?" சோப்பும் சாம்பல் நீரில்தானே காய்ச்சுகிறோம் மூப்பரே என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 17, புதன்

கை பிடிபட்டுவிட்டது. மண்ணைப் பீப்பாயில் கொட்டித் தண்ணீர் விடவேண்டும். இறங்கும் சாற்றைச் சாம்பல் நீர் சேர்த்துக் கொப்பரையில் காய்ச்சவேண்டும். சுண்டச் சுண்ட அடியில் முதலில் படிவது கறியுப்பு. அதைச் சூட்டோடு துளைக்கரண்டியால் அள்ளிவிட வேண்டும். மீதியை ஆறவிட்டால் ஊசி ஊசியாய் வெடியுப்பு பூக்கிறது. கறியுப்பு உள்ளே தங்கிவிட்டால் மருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், துப்பாக்கி வெடிக்காது. அச்சுத்தாளில் இந்த வரிக்கு மட்டும் தடித்த எழுத்து.

கொஞ்சம் எடுத்துக் கங்கில் போட்டோம். சுத்தமானது சீறிக்கொண்டு எரிந்தது. கறியுப்பு கலந்தது பட்பட்டென்று பொரிந்தது. மெஹிட்டபெல் கை தட்டினாள்.

அள்ளிய கறியுப்பையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆங்கிலேயர் துறைமுகத்தை அடைத்ததிலிருந்து ஊரில் கல் உப்புக்கு வழியில்லை. ஆற்றில் மீன் ஏறும் பருவம் வேறு. அவள் புருஷன் ஸீரா வலை வலையாய்ப் பிடித்துக்கொண்டு வருகிறான். "அழுக்கா இருந்தா என்னடி, கரிச்சாப் போதும். மூணு பொண்ணுங்களும் பனிக்காலத்துல பசிக்குதுன்னு கேட்டா உன் பேரைச் சொல்லித்தான் மீனை எடுத்து வைப்பேன்" என்றாள்.

மே 12

மழை. விறகெல்லாம் ஈரம். கண் எரிகிறது.

மே 21, செவ்வாய்

மூப்பர் வந்தார். முப்பதாம் தேதி மருந்து ஆலைக்கு வண்டி போகிறதாம். அதற்குள் நூறு ராத்தல் வேண்டும். ஆலையிலிருந்து திரும்பி வரும் மருந்துதான் எங்கள் ஊர்ப் படைக் கம்பெனிக்கு. அந்தக் கம்பெனியில் என் வீட்டுக்காரர் ஆஸகேலும் இருக்கிறார், ஸீராவும் இருக்கிறான்.

"முடியலைன்னா இப்பவே சொல்லிடு கெசியா. அடுத்த ஊர்ல ஆம்பளைங்க காய்ச்சுறாங்க."

"நூத்துக்கு ஒரு ராத்தல் குறைஞ்சாலும் என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன். பத்துப் பெண்களும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என்ன வாய்க்கொழுப்பு எனக்கு.

மே 29, புதன்

எண்பத்தொன்றுதான் தேறியிருக்கிறது. கடைசிக் கொப்பரை அடுப்பில் இருந்தது. அள்ளவேண்டியதை அள்ளினால் அதில் பன்னிரண்டு நிற்கும், அதற்கு மேல் ஒரு கைப்பிடி கூட வராது. மற்றவர்களைப் பால் கறக்க அனுப்பிவிட்டேன்.

துளைக்கரண்டியை ஆணியில் மாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். எதையும் எடுத்துச் சேர்க்கவில்லை. அள்ளாமல் விட்டேன். ஆறியதும் மொத்தத்தோடு கலந்து கிளறினேன். ஆலையில் எப்படியும் மறுபடி சுத்தம் செய்வார்கள்.

மெஹிட்டபெல் சட்டியோடு வந்தாள். "இந்தத் தடவை உப்பே வரலடி" என்றேன்.

"ஏன், மண்ணு பத்தியம் இருக்குதாமா?" என்று சிரித்துவிட்டு வெறும் சட்டியோடு போனாள்.

மூப்பர் நிறுத்துப் பார்த்தார். நூற்று மூன்று. கங்கில் போட்டுப் பார்க்கவில்லை. பார்ப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்திருக்கக் கூடாதா?

ஜூன் 2, ஞாயிறு

வெடியுப்புக்கு நன்றி சொல்லிச் சபையில் என் பேரை வாசித்தார்கள். "சகோதரி கெசியா ஃபென்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

கம்பெனி நியூயார்க் பக்கம் புறப்பட்டது. ஆலையிலிருந்து வந்த மருந்தைச் சபைக்கூடத்து வாசலில் வைத்து ஆளாளுக்கு மூடி போட்ட மாட்டுக் கொம்பில் நிரப்பிக் கொடுத்தார்கள்.

"உன் கைச் சமையலை இடுப்புல கட்டிக்கிட்டுப் போறேன்" என்றார் இவர். ஸீரா உடனே, "சோறு வர நேரமானா மூடியைத் திறந்து ஆளுக்கு ரெண்டு வாய் தின்னுக்குவோம் அண்ணி" என்றான். மெஹிட்டபெல் விழுந்து விழுந்து சிரித்தாள். என் உதடு ஒட்டிக்கொண்டது. அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சொல்லியிருக்கலாம். அந்த வாசலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 29

மூன்று நாளாய் விடாத மழை. தெற்கே இன்னும் பலமாம். ஆலையில் சுத்தம் செய்திருப்பார்கள். செய்யாமல் இருப்பார்களா?

செப்டம்பர் 19, வியாழன்

ஸீரா போய்விட்டான்.

அவனோடு ஆறு பேர். ஓர் ஓடைக்கரையில், விடியல் மூடுபனியில். இவர் உயிரோடு இருக்கிறார் என்று கம்பெனியிலிருந்து வந்த தாளில் இருக்கிறது. மெஹிட்டபெல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. மூன்று பெண்களுக்கும் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடி பின்னினாள். "உன் ஆளாவது பிழைச்சாரே. போடி, போய் அவருக்கு வீட்டைக் கூட்டி வை" என்றாள்.

ஐயோ, என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

இவர் வந்துவிட்டார். இளைத்துப் பாதி உடம்புதான் வந்திருக்கிறது. சாப்பிடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்கிறார்.

ஊருக்குள் பேச்சு இவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க் கம்பெனி ஒரு வெடிகூட வெடிக்காமல் ஓடிவந்த கம்பெனியாம். மாவு ஆலைக்காரன் இவரைப் பார்த்து, "கால் நல்லாத் தேறியிருக்குபோல, ஓடிப் பழகினதாச்சே" என்றானாம்.

கேட்டுக் கேட்டுத்தான் வாய் திறந்தார். "விசையை இழுத்தேன். கல்லுல பொறி வந்துச்சு, மருந்து பிடிக்கல. துடைச்சுட்டுப் புதுசாப் போட்டேன். அதுவும் பிடிக்கல. எல்லாருக்கும் அப்படித்தான். ஸீரா மட்டும் நின்னுக்கிட்டே திரும்பத் திரும்ப மருந்து போட்டுட்டு இருந்தான். நான் ஓடிட்டேன், கெசியா. அவனை விட்டுட்டு ஓடிட்டேன்."

"மழையில நனைஞ்சிருக்கும்" என்றேன். என் வாயால்.

செப்டம்பர் 28, சனி

இவர் தூங்கும்போது கொம்பைத் திறந்தேன். மருந்து கட்டி கட்டியாய் ஒட்டிக் கிடந்தது. ஒரு துளி நாக்கில் வைத்தேன். வெடியுப்பின் ருசி எனக்குத் தெரியும், சில்லென்று இருக்கும். இது கரித்தது.

கங்கில் போட்டேன். பட்பட்டென்று பொரிந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

மூப்பரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆலையிலயும் தப்பு நடந்திருக்கலாம். மழையும் பெஞ்சது. செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா? வாயை மூடிட்டு இரு. ஊர்ப் பேரையும் கெடுக்காத, உன் பேரையும் கெடுக்காத."

"அப்ப உயிரோட வந்தவங்க பேரு?"

"ஓடினவங்க ஓடினவங்கதான்."

தான் கங்கில் போட்டுப் பார்க்காத கதை வெளியே வரும் என்ற பயம் அவருக்கு. எனக்கு மட்டும் பயமில்லையா? சொன்னால் மெஹிட்டபெல் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இவர் சாகும்வரை சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்.

அக்டோபர் 6, ஞாயிறு

தாளில் எழுதிப் போதகரிடம் கொடுத்தேன். எங்கள் சபை வழக்கப்படி அவர் வாசித்து முடிக்கும்வரை கூடத்தின் நடுப்பாதையில் நிற்கவேண்டும். விபசாரம் செய்தவர்களும் குடிகாரர்களும் நின்ற இடம். கீழே நாங்கள் தோண்டி மூடிய மண். புதுப் பலகை காலடியில் ஆடியது.

"எடை காட்டுவதற்காக" என்ற இடத்தில் போதகரின் குரல் தடுக்கியது. மறுபடி வாசித்தார். "ஆண்கள் ஓடவில்லை, அவர்கள் கையில் இருந்தது மருந்தே இல்லை" என்ற வரியை நான்தான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். மூப்பர் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

இவர் எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

மெஹிட்டபெல் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. "உப்பே வரலன்னியே" என்றாள். சத்தமே இல்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அக்டோபர் 9, புதன்

மாவு ஆலைக்காரன் வீட்டுக்கே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போனான். போனபிறகு இவர் மேசையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். ரொட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் வாசலில் சத்தம். மெஹிட்டபெல்லும் அவள் மூத்த பெண்ணும் ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து நிமிர்த்தி வைத்தார்கள். திரும்பிப் போய் இன்னொன்றையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஏப்ரலில் ஸீரா பிடித்த மீன். என் உப்பில் ஊறியது.

"பிள்ளைங்க என்னத்தைத் தின்னும், மெஹிட்டபெல்? திட்டு, அடி. இதை மட்டும் எடுத்துட்டுப் போ" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன்.

"உன் உப்பு என் வீட்டுக்கு வேணாம்" என்றாள்.

தெருவில் முதல் பனி இறங்கியிருந்தது. இரண்டு பேரின் கால்தடமும் அவள் வாசல்வரை போகிறது. பனிக்காலத்துக்கு அந்த வீட்டில் வேறு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.