அம்மாவின் வடிகாது

1934 ஜூன் 4, திங்கள்
மழை. பத்து மணி வரை வெளிச்சமில்லை. கொழும்பிலிருந்து வந்து ஒரு வாரம். வந்த காரியம் அம்மாவைக் கையோடு கூட்டிப்போவது. தனியாக விட மனசில்லை. இன்றும் அதே பதில்: “எனக்க ஆடும் வேதக்கோயிலும் இங்கயாக்கும். அங்க வந்து நான் என்ன செய்ய?”
வரமாட்டாள் என்றால் படமாவது வேண்டும். கேன்வாஸுக்குச் சட்டம் அடித்தேன். ஆணி போதவில்லை.

ஜூன் 5
அம்மா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சிலை. பிறகு முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்துவிட்டாள். அதுவும் நல்லதுதான், முகம் இளகுகிறது.
பாம்படம் கழற்றி எத்தனையோ வருஷம். வடித்த காது மட்டும் வெறுமையாகத் தோள் வரை தொங்குகிறது. சின்ன வயதில் அதற்குள் விரலை விட்டுக்கொண்டுதான் தூங்குவேன்.

ஜூன் 7
பக்கத்து வீட்டு ரோசம்மாள் மாமி எட்டிப் பார்த்து: “ஏட்டி, ஒனக்க மவன் ஒன்ன விக்கவா வரையுதான்?” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைய வேலை கெட்டது.
விற்க இல்லை. ஆனால் கொழும்புக் கண்காட்சியில் வைக்க ஆசை. அங்கே நான் கொச்சியான், அதாவது மலையாளி. திருவனந்தபுரத்தில் படித்தபோது பாண்டி, அதாவது தமிழன். இங்கே தக்கலைச் சந்தையில் கொழும்புக்காரர், விலையும் அதற்கேற்ப. அம்மாவின் காதைப் பார்த்தால்தான் நான் எந்த ஊர் என்று எனக்கே நிச்சயமாகிறது.

ஜூன் 8
சாளை மீன் குழம்பு. சாப்பாட்டுக்கு நடுவே அம்மா: “அங்க பொம்பளைகளுக்குக் காது எப்பிடி இருக்கும்?”
கம்மல் போடச் சின்னத் துளை, அவ்வளவுதான் என்றேன்.
“லில்லிக்கும்?”
லில்லி என் மனைவி, கொழும்பிலேயே பிறந்தவள். அவளுக்கும்தான்.
“அப்பம் என்னக் கண்டா?”
“தெருவே கூடிரும்மா.” விளையாட்டாகத்தான் சொன்னேன். அம்மாவும் சிரித்தாள்.

ஜூன் 9, சனி
இரண்டு காதும் முடிந்தன. இத்தனை வருஷத்தில் நான் வரைந்ததில் இதுதான் உருப்படி. பெருமையாக இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன்.
டர்பன்டைன் தீர்கிறது.

ஜூன் 12, செவ்வாய்
பத்மநாபபுரம் அரண்மனை மரவேலைகளைப் பென்சிலில் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினால் கதவில் பூட்டு. ஆடு கத்திக்கொண்டு. சற்று நேரத்தில் மாட்டுவண்டி, அம்மாவும் ரோசம்மாள் மாமியும். அம்மா தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு.
மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு காதையும் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இங்கே பல பெண்கள் செய்துகொள்வதுதான். அம்மா செய்வாள் என்று நினைக்கவில்லை.
“இனி வாறேன் மக்கா. எனக்ககூட நடந்தா ஒனக்குக் கொறச்சலு வராது.”
ஆட்டுக்குத் தழை போட்டேன்.

ஜூன் 13
கோபம். யார் மேல்? என் மேல்தான். சாப்பிடவில்லை. அம்மா மெல்ல முடியாமல் கஞ்சி குடித்தாள்.
மாமி என்னிடம் தனியாக: “அவ ஒரு சத்தம் போடல்ல, கேட்டியா? எனக்க மவன் கொழும்புல படம் வரையுதான்னு டாக்டர்ட்ட பறஞ்சிட்டே இருந்தா.”
கிணற்றடியில் நின்று அழுதேன்.

ஜூன் 20, புதன்
தையல் பிரித்தாயிற்று. சின்னக் காது, சிவந்து, வேறு யாருடையதோ மாதிரி. அம்மா கண்ணாடியை விடவில்லை.
செய்ய வேண்டியவை: தூத்துக்குடிக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட். லில்லிக்குத் தந்தி. ஆடு, மாமியிடம். அம்மாவுக்குச் செருப்பு (போடமாட்டாள்).
மத்தியானம் படத்தின் முன் வந்து நின்றாள். முடித்த பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.
“இதையும் தச்சிரு மக்கா.”
“இது இருக்கட்டும்மா.”
“நானும் வாறேன், இவளும் வாறாளா? அங்க நான் ஒருத்தி போரும்.”
எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நகரவில்லை. மழைக்காலம், சாயம் அடியில் இன்னும் ஈரம்தான், சுரண்டினால் வந்துவிடும். கத்தியை எடுத்து இடது காதின் அடியில் வைத்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.
“பைய மக்கா. நோவும்.”